ஐந்து ஆண்டுகள் ஏன்? கிரெய்க் ஜோர்டனின் ஆய்வு வாழ்க்கை தரும் விடை

சில ஆண்டுகளுக்கு முன்பு, முதுகு வலியோடு ஓர் அம்மையார் எங்கள் பிரிவிற்கு வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் பெற்றவர். அதன் பிறகு நாள்தோறும் ஒரு டமாக்சிஃபென் மாத்திரை உட்கொள்ளுமாறு கூறி அனுப்பியிருந்தோம். ஒன்றரை ஆண்டுகள் தவறாமல் உட்கொண்டிருக்கிறார். பின்னர் நிறுத்திவிட்டார். காரணம் கேட்டபோது, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, நல்ல உடம்புக்கு எதற்கு மருந்து என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது" என்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது நோய் முதுகெலும்பில் பரவியிருந்தது.

மாத்திரையை நிறுத்தியதே அதற்குக் காரணம் என்று நாங்கள் உறுதியாகச் சொல்ல இயலாது. ஒழுங்காக உட்கொள்பவர்களுள் சிலருக்கும் நோய் திரும்புவது உண்டு. ஆயினும் அவருடைய சிகிச்சை அட்டையைப் புரட்டியபோது எங்களுக்கு ஒன்று உறுத்தியது. "5 ஆண்டுகள்" என்று அதில் எழுதியிருந்தோம். ஏன் ஐந்து ஆண்டுகள் என்பதை அவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ நாங்கள் விளக்கிச் சொல்லவில்லை. அந்தக் குறையை நீக்கவே இந்தக் கட்டுரை. அந்த "ஏன்" என்னும் கேள்விக்கு விடை தேடித் தந்தவர்களுள் முதன்மையானவர் கிரெய்க் ஜோர்டன் என்னும் மருந்தியல் அறிஞர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் இந்த ஒரு மாத்திரையையும் அதன் உறவு மருந்துகளையும் ஆராய்ந்தார். அவருடைய ஆய்வுப் பயணத்தை அறிந்துகொண்டால், நம் கையிலிருக்கும் மாத்திரையின் குணம் முழுவதும் விளங்கும்.

மார்பகமும் ஹார்மோனும்

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். பெண்ணின் சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது. மார்பகம், கருப்பை, எலும்பு முதலிய இடங்களில் அதன் கட்டளைப்படி செல்கள் இயங்குகின்றன. 1896ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த ஜார்ஜ் பீட்சன் என்னும் அறுவை மருத்துவர், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களின் சினைப்பைகளை அகற்றினால் சிலருக்குக் கட்டி சுருங்குவதை எழுதி வெளியிட்டார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறந்திருக்கவில்லை. ஏன் சிலருக்கு மட்டும் பயன் கிட்டுகிறது என்பதும் விளங்கவில்லை.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் அதற்கு விடை கண்டார். ஈஸ்ட்ரோஜன் எல்லாச் செல்களிலும் வேலை செய்வதில்லை. அதனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்னும் புரதம் எந்தச் செல்லில் இருக்கிறதோ, அங்கு மட்டுமே அதன் கட்டளை செல்லுபடியாகும். ஏற்பியைப் பூட்டு என்று கொண்டால், ஈஸ்ட்ரோஜன் அதன் சாவி. உங்கள் பயாப்சி அறிக்கையில் "ஈ.ஆர். பாசிட்டிவ்" என்று குறிப்பிடப்பட்டிருந்தால், உங்கள் கட்டியின் செல்களில் அந்தப் பூட்டு இருக்கிறது என்று பொருள். மார்பகப் புற்றுநோய்களுள் பெரும்பான்மையானவை இவ்வகையைச் சார்ந்தவை. ஹார்மோன் மாத்திரைகள் இவ்வகையினருக்கே பயன்படும். ஆகவே, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் அந்த மாத்திரை தரப்படவில்லை, நமக்கு மட்டும் ஏன் என்று மனம் கலங்க வேண்டியதில்லை.

கருத்தடையில் தோற்ற மருந்து

டமாக்சிஃபென் புற்றுநோய்க்காகச் செய்யப்பட்ட மருந்து அன்று. இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் இருந்த ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் வால்போல் தலைமையிலான குழுவினர் புதிய கருத்தடை மருந்து ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தனர். 1962ஆம் ஆண்டில் அக்குழுவின் வேதியியலாளர் டோரா ரிச்சர்ட்சன் இந்தச் சேர்மத்தை உருவாக்கினார். பெண் எலிகளில் அது கருத்தரிப்பைத் தடுத்தது. பெண்களிடம் சோதித்தபோதோ, சினைமுட்டை வெளிவருவதைத் தூண்டியது. கருத்தடை மருந்தாக அது தோற்றது. பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இல்லாத சிலருக்குச் சினைமுட்டையைத் தூண்டவே அது பயன்பட்டது.

இந்தப் பழைய தோல்வி இன்றும் நமக்கு ஒரு நடைமுறைப் பாடம். டமாக்சிஃபென் உட்கொள்ளும் இளம்பெண்கள் சிலருக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறும் அல்லது நின்றுபோகும். அதனால் கருத்தரிக்காது என்று எண்ணிவிடக் கூடாது. கரு உருவானால் இம்மருந்து சிசுவுக்குத் தீங்கு செய்யக்கூடும். ஆகையால் இதனை உட்கொள்ளும் காலத்தில் ஹார்மோன் கலவாத கருத்தடை முறை ஒன்றை மருத்துவரிடம் கேட்டு அவசியம் பின்பற்ற வேண்டும்.

முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு இது உதவுமா என்று மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோலும் அவருடைய குழுவினரும் சோதித்து, 1971இல் முடிவுகளை வெளியிட்டனர். 46 பெண்களில் 10 பேரிடம் நல்ல பலன் தெரிந்தது. 1973இல் பிரிட்டனில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. எனினும் அது முற்றிய நோயாளிகளுக்குச் சில காலம் ஆறுதல் தரும் மருந்தாகவே கருதப்பட்டது. அதனை நோய் திரும்பாமல் காக்கும் மருந்தாக மாற்றியதில் பெரும்பங்கு ஜோர்டனுடையது.

சன்னல் வழியே பறந்த சோதனைகள்

கிரெய்க் ஜோர்டன் 1947இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். தாயார் ஆங்கிலேயர், தந்தையார் அமெரிக்கர். வளர்ந்தது இங்கிலாந்தில். பள்ளிப் பருவத்தில் வேதியியலைத் தவிர மற்றப் பாடங்களில் அவருக்கு நாட்டம் குறைவு. தம் படுக்கையறையையே சோதனைச்சாலையாக்கிக்கொள்ளத் தாயார் அவரை அனுமதித்திருந்தார். சில வேளைகளில் சோதனை கைமீறிப் புகையும்போது கலவையைச் சன்னல் வழியே வெளியே எறிய நேர்ந்ததும், திரைச்சீலை தீப்பற்றியதும் உண்டு என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள், ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் சேர்மங்கள். கருத்தடையில் தோற்றுப்போன அவற்றின்மீது அக்காலத்தில் எவருக்கும் அக்கறை இல்லை. ஆய்வேட்டை மதிப்பிடத் தகுந்தவரைத் தேடியபோது, இறுதியில் வந்தவர் டமாக்சிஃபென் குழுவின் தலைவரான ஆர்தர் வால்போலே.

1972இல் ஜோர்டன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் ஆய்வு நிறுவனத்திற்குச் சென்றார். அவர் யாரிடம் பணிபுரியச் சென்றாரோ அவர் வேறிடம் போய்விட்டிருந்தார். விரும்பியதை ஆராயலாம் என்ற உரிமை அந்த இளைஞருக்குக் கிடைத்தது. கைவிடப்பட்ட அந்தக் கருத்தடைச் சேர்மத்தைக் கொண்டு மார்பகப் புற்றுநோயை எதிர்க்க முடியுமா என்று பார்க்க அவர் முடிவுசெய்தார். வால்போல் அவருக்கு ஆதரவு தந்தார். ஏற்பியைக் கண்டறிந்த ஜென்சனின் சிகாகோ ஆய்வுக்கூடத்திற்கே சென்று நுணுக்கங்களைக் கற்றுவந்தார்.

எலிகள் கற்பித்த பாடம்

இப்போது நம் கேள்விக்கு வருகிறோம். ஆய்வக எலிகளுக்கு ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளைக் கொடுத்தால் சில வாரங்களில் மார்பகக் கட்டிகள் தோன்றும். அப்பொருளைக் கொடுக்கும் காலத்தை ஒட்டி டமாக்சிஃபெனையும் கொடுத்தபோது கட்டிகள் தோன்றுவது தடைப்பட்டதை ஜோர்டன் கண்டார். இந்த ஆய்வு 1976இல் வெளிவந்தது.

அதன்பின் அவர் லீட்ஸில் மற்றொரு சோதனையைச் செய்தார். வேதிப்பொருளைக் கொடுத்துச் சில வாரங்கள் சென்றபின், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவில் புற்றுச் செல்கள் உடலில் இருக்கும் நிலையில், டமாக்சிஃபெனைத் தொடங்கினார். அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெண்ணின் நிலையும் ஏறத்தாழ இத்தகையதே. கட்டி அகற்றப்பட்டிருக்கும், கண்ணில் படாத செல்கள் எங்கேனும் தங்கியிருக்கக்கூடும். ஒரு மாதம் மட்டும் மருந்து பெற்ற எலிகளில் கட்டிகள் காலம் தாழ்த்தித் தோன்றின, தோன்றாமல் போகவில்லை. தொடர்ந்து மாதக்கணக்கில் மருந்து பெற்ற எலிகளில் மிகப் பெரும்பாலானவை கட்டியின்றி இருந்தன.

இதன் பொருள் என்ன? டமாக்சிஃபென் புற்றுச் செல்லை உடனே கொன்றுவிடும் மருந்து அன்று. ஏற்பி என்னும் பூட்டுக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும் பொய்ச்சாவி அது. அது பூட்டில் இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் உள்ளே நுழைய இயலாது. செல் பெருகாமல் அடங்கிக் கிடக்கும். வயலில் கோரையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேலே பச்சை தெரியாததால் கோரை அழிந்துவிட்டது என்று எந்த உழவரும் நம்புவதில்லை. கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். நீர் பாய்ந்தால் மீண்டும் முளைக்கும். நீண்ட காலம் நீரை மறித்து வைத்தால்தான் கிழங்கு வலுவிழக்கும். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று நாம் சொல்லும் நாள்களில் மாத்திரை செய்துகொண்டிருப்பது இந்த மறிப்பு வேலையைத்தான்.

அக்காலத்தில் மருத்துவர்கள் ஓராண்டோ ஈராண்டோ மட்டுமே இம்மருந்தைத் தந்துவந்தனர். நீண்ட காலம் தரவேண்டும் என்ற ஜோர்டனின் வாதத்தை மெய்ப்பிக்கப் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் பங்கேற்ற மருத்துவச் சோதனைகள் தேவைப்பட்டன. அவற்றின் முடிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது விடை தெளிவாயிற்று. ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோயில் ஐந்து ஆண்டுகள் டமாக்சிஃபென் உட்கொண்டவர்களுக்கு, முதல் ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. முதல் 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஐந்து ஆண்டுகள் முடித்து மருந்தை நிறுத்திய பின்னரும் அதன் காப்பு நீடித்தது என்பது இதில் மிகவும் ஆறுதலான செய்தி. 2012இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, பத்து ஆண்டுகள் தொடர்வது சிலருக்கு மேலும் நன்மை தரும் என்று காட்டியது. யாருக்கு ஐந்து, யாருக்குப் பத்து என்பதை நோயின் தன்மையையும் உடல்நிலையையும் கொண்டு உங்கள் மருத்துவர் முடிவுசெய்வார்.

தம் மருந்தின் குறையைத் தாமே காட்டியவர்

1980இல் ஜோர்டன் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். நீண்ட காலம் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தால் எலும்பு தேய்ந்து போகாதா என்ற நியாயமான கவலை அப்போது எழுந்தது. 1987இல் அவர் வெளியிட்ட எலி ஆய்வு வியப்பளித்தது. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் அதே மருந்து, எலும்பில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே செயல்பட்டு அடர்த்தியைக் காத்தது. ஓரிடத்தில் எதிரி, மற்றோரிடத்தில் நண்பன் என்னும் இந்த இரட்டைக் குணமே இம்மருந்துகளின் அடையாளம்.

அந்தக் குணத்திற்கு மறுபக்கமும் உண்டு. 1988இல் ஜோர்டனின் குழுவினர் ஒரே சுண்டெலியின் உடலில் மனித மார்பகக் கட்டியையும் மனிதக் கருப்பைக் கட்டியையும் வளர்த்து, டமாக்சிஃபென் கொடுத்துப் பார்த்தனர். மார்பகக் கட்டி அடங்கியது. கருப்பைக் கட்டி வளர்ந்தது. தாம் வாழ்நாள் முழுவதும் முன்னெடுத்த மருந்தின் குறையை அவர் மறைக்கவில்லை. மருத்துவர்கள் கருப்பையைக் கவனிக்க வேண்டும் என்று வெளிப்படையாக எச்சரித்தார்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு டமாக்சிஃபெனால் கருப்பை உட்படலத்தில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு சற்றே கூடுகிறது. அந்த வாய்ப்பு சிறியது. மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் காக்கும் பயன் அதனினும் பெரியது. ஆகவே அஞ்சி நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் விழிப்பு வேண்டும். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் அடுத்த பரிசோதனை நாள் வரும்வரை காத்திராமல் உடனே தெரிவியுங்கள்.

எலும்பைக் காக்கும் குணத்தை ஆராய்ந்த அதே வழியில், கைவிடப்பட்டுக் கிடந்த மற்றொரு மார்பகப் புற்றுநோய் மருந்தான ரலாக்சிஃபென் மறுவாழ்வு பெற்றது. 1997இல் எலும்புத் தேய்வுக்கும், 2007இல் மாதவிடாய் நின்ற, நோய் வாய்ப்பு மிகுந்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயைத் தடுக்கவும் அமெரிக்காவில் அதற்கு அனுமதி வழங்கப்பட்டது.

உங்களுள் சிலர் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளை உட்கொண்டிருக்கலாம். அவை பூட்டை அடைப்பதற்கு மாறாக, உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே குறைப்பவை. அவ்வகை மருந்துகளுக்கு வழிகோலியவர் ஆஞ்சலா பிரோடி என்னும் அறிஞர். அவரும் அதே வூஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றியவர். அவ்வகை மருந்துகளும் இடையில் நிறுத்தக் கூடாதவையே. ஆனால் அவை எலும்பைக் காப்பதில்லை. எலும்பின் அடர்த்தியைக் குறைக்கக்கூடும். ஆதலால் அவற்றை உட்கொள்வோருக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவைப்படுகிறது.

கல்லீரலும் மற்ற மாத்திரைகளும்

டமாக்சிஃபென் கல்லீரலில் மாற்றமடைந்து மேலும் வலிமையான பொருள்களாகிறது. அத்தகைய ஒரு மாற்றுப்பொருள் ஏற்பியை மிக உறுதியாகப் பற்றுகிறது என்பதை 1977இல் ஜோர்டனின் ஆய்வு காட்டியது. இம்மாற்றத்திற்கு உதவும் கல்லீரல் நொதியைச் சில மருந்துகள் முடக்கிவிடும். மனச்சோர்வுக்குத் தரப்படும் பராக்சிடின், ஃபுளுவாக்சிடின் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவதில் தயக்கம் வேண்டா; தகுந்த மாற்று மருந்துகள் இருக்கின்றன. எந்த மருத்துவரிடம் சென்றாலும், டமாக்சிஃபென் உட்கொள்வதை முதலில் சொல்லிவிடுங்கள். மருந்துகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டா, மாற்றவும் வேண்டா.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

திடீரென உடல் சூடேறி வியர்த்தல், உறக்கக் குறைவு, மனம் சலித்தல் ஆகியவை இம்மாத்திரையால் வரக்கூடியவை. இவற்றைப் பொறுக்க முடியாமல்தான் பலர் ஓசையின்றி மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். நிறுத்தியதைச் சொன்னால் மருத்துவர் கோபிப்பார் என்று எங்களிடமும் மறைக்கின்றனர். நாங்கள் கோபிக்க மாட்டோம். தொல்லையைக் குறைக்க வழிகள் உள்ளன. தேவையானால் வேறு மாத்திரைக்கு மாற்றவும் இயலும். சொன்னால்தானே செய்ய முடியும்?

வீட்டில் இருப்போர் செய்யக்கூடியவை சில:

• நாள்தோறும் ஒரே நேரத்தில் மாத்திரை உட்கொள்ள நினைவூட்டுங்கள். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து உட்கொள்ள வேண்டா.

• அட்டையில் பத்து மாத்திரைகள் மீதமிருக்கும்போதே அடுத்ததை வாங்கி வையுங்கள். மாத்திரை தீர்வது வேறு, நோய் தீர்வது வேறு.

• ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம் அல்லது வலி, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை இரத்தக்கட்டியின் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவிற்கு அழைத்து வாருங்கள்.

• பார்வை மங்கினாலும், வேறு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாலும் எங்களிடம் தெரிவியுங்கள்.

• "நல்ல உடம்புக்கு எதற்கு மருந்து" என்று கேட்காதீர்கள். உடம்பு நன்றாக இருப்பதற்கு அந்த மருந்தும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இறுதிவரை ஆய்வு

ஜோர்டன் பின்னர் அமெரிக்காவின் பல ஆய்வு நிறுவனங்களில் பணியாற்றி, 2014இல் ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் சேர்ந்தார். நீண்ட காலம் ஈஸ்ட்ரோஜன் கிடைக்காமல் பழகிப்போன புற்றுச் செல்கள், ஈஸ்ட்ரோஜனை மீண்டும் கொடுத்தால் சில நிலைகளில் மடிவது ஏன் என்பது அவருடைய பிற்கால ஆய்வு. 2018இல் அவருக்கே நான்காம் நிலைச் சிறுநீரகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதனை அவர் மறைக்கவில்லை. சிகிச்சை பெற்றுக்கொண்டே ஆய்வையும் எழுத்தையும் தொடர்ந்தார். 2024 ஜூன் 9 அன்று தம் 76ஆம் வயதில் காலமானார்.

இன்று டமாக்சிஃபென் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளது. விலை குறைந்த, எளிதில் கிடைக்கும் மாத்திரை. ஆயினும் அது அட்டைக்குள் இருக்கும்வரை எவருக்கும் பயன் இல்லை.

தொடக்கத்தில் குறிப்பிட்ட அம்மையார் இப்போதும் எங்களிடம் சிகிச்சை பெற்று வருகிறார். வேறு ஹார்மோன் மருந்தும் எலும்பை வலுப்படுத்தும் ஊசியும் தருகிறோம்; வலி குறைந்து நடமாடுகிறார். ஒவ்வொரு முறை வரும்போதும் அருகில் அமர்ந்திருக்கும் புதிய நோயாளிகளிடம், "அம்மா, மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்" என்று சொல்கிறார். நாங்கள் முன்பே விளக்கத் தவறியதை அவர் இப்போது எங்களுக்காக விளக்குகிறார். உங்கள் சிகிச்சை அட்டையிலும் "5 ஆண்டுகள்" என்று எழுதியிருந்தால், அதன் காரணம் உங்களுக்கு முழுவதும் விளங்கும்வரை எங்களைக் கேளுங்கள். விளக்குவது எங்கள் கடமை.